மதிலுக்கு வெளியே கிடப்பவள்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ராஜாசிங் மின்விசிறிக்கு நேர் கீழே பாயை விரித்துப் படுத்துவிட்டால் சாயங்காலம் வரை ஆள் அசையமாட்டார். எப்சிபாவுக்கு அதுதான் இஸ்திரி போடும் நேரம். சண்டை போடும் நேரமும் அதுதான். சாப்பாட்டு மேஜை மேல் பழைய போர்வையை நாலாக மடித்துப் போட்டு, பவுடர் டப்பாவில் போனைச் சாய்த்து வைத்து, சத்தத்தைப் பக்கத்து அறைக்குக் கேட்காத அளவுக்குக் குறைத்துவிட்டு, குவைத்தில் இருக்கும் ஆல்வின் என்பவன் நடத்தும் குரல் அறைக்குள் நுழைவாள். 'திறந்த கதவு' என்று அதற்குப் பெயர் வைத்திருந்தான். அங்கே முகம் கிடையாது, குரல் மட்டும்தான். யாரும் சொந்தப் பெயரில் வருவதில்லை. விவாகரத்தானவள் மறுபடி சபையில் கல்யாணம் செய்யலாமா, ஞானஸ்நானம் எடுக்காமல் இறந்த பிள்ளை எங்கே போகும், பிழைக்கமாட்டார் என்று தெரிந்தபின் அப்பாவின் மூச்சுக் குழாயை எடுக்கச் சொன்னது கொலையா என்று எங்கெங்கோ இருக்கிற ஆட்கள், சொந்தச் சபையில் கேட்கப் பயந்த கேள்விகளையெல்லாம் அங்கே கொண்டுவந்து கொட்டினார்கள். எப்சிபாவுக்கு அங்கே 'உப்புத்தூண்' என்று பெயர். திரும்பிப் பார்க்காதே என்று சொல்லியும் திரும்பிப் பார்த்து உப்பாகிப்போன ஒருத்தி வேதத்தில் உண்டு, இவளுக்கு வேறென்ன பெயர் பொருந்தும். உப்புத்தூண் அக்கா வந்தாச்சு, இனி அறை சூடாகும் என்பான் ஆல்வின். அவளுக்கு அது பிடித்திருந்தது. கோயம்புத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் அவள். கரும்பலகையில் தப்பாகக் கணக்குப் போடுகிறவனை நடுவில் தடுக்கமாட்டாள், போகவிடுவாள், அடுத்த படி என்ன, அதற்கடுத்த படி என்ன என்று அன்பாகக் கேட்டுக்கொண்டே போவாள், கடைசியில் அவன் போட்ட விடை அவன் முகத்திலேயே அறையும். அந்த அறையிலும் அதையேதான் செய்தாள். ஆனால் எல்லோருக்கும் இல்லை. நரகத்தைத் தன் வீட்டுப் பின்கட்டு மாதிரி நிச்சயமாகப் பேசுகிற ஆண் குரல்கள் உண்டே, அவர்களுக்கு மட்டும். திணறி, ஏதோ வேலை இருக்கு என்று முனகிவிட்டு அவர்கள் அறையைவிட்டு வெளியேறும்போது திரையில் அவர்களுடைய சின்ன வட்டம் மறைந்துபோகும். அந்த வட்டம் மறைகிற கணத்தில் அவளுக்கு நாக்கின் அடியில் ஏதோ இனிக்கும். விசுவாசத்துக்காகச் செய்கிறேன் என்று அவள் தன்னிடம்கூடச் சொல்லிக்கொண்டதில்லை. அந்தக் குரல்கள் எல்லாமே அவளுக்கு ஒரே குரல்.

அந்தக் குரல் ஒரு கல்லறைத் தோட்டத்துக் கேட்டுக்கு நடுவில் நின்றுகொண்டு பேசியது. தேரிக்காட்டுச் செம்மண் பக்கம் ஆரோனூர் என்று ஒரு ஊர், அவள் பிறந்த ஊர். கல்லறைத் தோட்டத்துக்குப் புதிதாக மதில் கட்டி, இரும்புக் கேட்டு போட்டு, நீல பெயின்ட் அடித்திருந்த வருஷம். பெயின்ட் வாசனைகூடப் போகவில்லை. வேனுக்குள் சவப்பெட்டியில் லீதியாள். எப்சிபாவுக்கு ஒரே தங்கச்சி, ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு வீட்டில் இருந்தவள். சட்டைக் கையை இழுத்து மடிப்புச் சரிபார்த்து இஸ்திரிப் பெட்டியை வைக்கிறபோதெல்லாம் எப்சிபாவுக்கு அவளுடைய கைதான் ஞாபகம் வரும், சோற்றுத் தட்டுக்கு மேல் அப்படியே நின்றுவிடும் கை. பிசைந்த சோறு காய்ந்துபோகும் வரை தட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். அக்கா, மண்டைக்குள்ள யாரோ விளக்க அணைச்சிட்டாவ, எனக்கு சுவிட்சு எங்க இருக்குன்னு தெரியல என்றாள் ஒருநாள், சிரித்துக்கொண்டே. பாளையங்கோட்டையில் ஒரு மனநல டாக்டர் இருக்கிறார் என்று யாரோ சொல்லி அப்பா கிளம்பினார்தான். வேதமுத்து என்றால் ஊரில் யார் பேச்சையும் மீறாத மனிதர், அதனால் முதலில் ஐயரிடம் கேட்கப் போனார். அந்தப் பக்கம் சபைப் போதகரை ஐயர் என்றுதான் சொல்வார்கள். ஐயர் ஏசுவடியான், எதையும் 'அதாகப்பட்டது' என்று தொடங்குகிறவர், முன்பல் இடைவெளி வழியே 'ச' வரும்போதெல்லாம் மெல்ல ஒரு விசில் வரும். "அதாகப்பட்டது, வேதமுத்து, விசுவாசக் குறைவுக்கு மாத்திரை உண்டுமா? மூணு நாள் உபவாசம் இருக்கச் சொல்லும்" என்றார். அப்பா டாக்டர் சீட்டைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரும்பி வந்தார். லீதி உபவாசம் இருந்தாள். சொன்னதைச் செய்கிற பிள்ளை. உபவாசத்துக்குப் பிறகும் விளக்கு எரியவில்லை, தன்னிடம்தான் ஏதோ அழுக்கு இருக்கிறது என்று அவள் முடிவு செய்துகொண்டாள், மழை முடிந்த ஒரு வாரத்தில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டாள். வேன் கேட்டுக்கு வந்தபோது சாவி ஐயர் கையில் இருந்தது. "அதாகப்பட்டது, இது விசுவாசிகள் உறங்குகிற நிலம். தேவன் கொடுத்த உயிரைத் தானே எடுத்தவளை உள்ளே விட எனக்கு அதிகாரம் இல்லை. நான் விட்டாலும் தேவன் உள்ளே விடமாட்டார்." அதிகாரம் இல்லை என்பதோடு நிறுத்தியிருக்கலாம். அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லியிருக்க வேண்டாம். அதற்கு முந்தினதை எப்சிபா எப்படியாவது விழுங்கியிருப்பாள், கடைசி வாக்கியம் அவளுக்குள் முள்ளாக நின்றது, விழுங்கவும் முடியாது, துப்பவும் முடியாது, ஒவ்வொரு தடவை எச்சில் விழுங்கும்போதும் குத்தும். வேனைத் திருப்பி ஓடைக்கரைக்குக் கொண்டுபோனார்கள். ஜெபம் பண்ண ஆள் இல்லை. அப்பாவே ஆரம்பித்தார், பாதியில் வார்த்தை மறந்து வாயைத் திறந்தபடியே நின்றார். அந்தத் திறந்த வாயை இன்றைக்கும் அவளால் மூட முடியவில்லை.

ராஜாசிங்கின் கோடுபோட்ட சட்டையின் முதுகுப் பக்கம் வந்துகொண்டிருந்தபோது ஆல்வின், "புதுசா ஒரு ஐயா கை தூக்கியிருக்காங்க, 'வழிப்போக்கன்'. பேசுங்க ஐயா, மைக்கைத் திறந்துட்டேன்" என்றான். கரகரப்பு. ஒரு இருமல். பிறகு ஒரு கிழக் குரல், "ஸ்தோத்திரம். அதாகப்பட்டது..." என்றது. எப்சிபாவின் கை நின்றது. உலகத்தில் அதாகப்பட்டது சொல்கிறவர் ஒருத்தர்தானா, எத்தனையோ பிரசங்கிமார் சொல்வார்கள், அவள் கையை மறுபடி நகர்த்தப் பார்த்தாள். "எனக்குத் தெரிஞ்ச ஒரு சிநேகிதர். அவருக்கு ஒரே மகன். வெளியூர்ல வேலை. நல்ல பையன், சின்ன வயசுல சண்டே ஸ்கூல்ல எல்லா வருஷமும் முதல் பரிசு. அவன்..." சிநேகிதர், சின்ன, வயசு, சண்டே, பரிசு. ஒவ்வொரு 'ச'விலும் அந்த விசில். வயதால் மெலிந்திருந்தது, ஆனால் அதுதான். "அவன் தன்னைத்தானே மாய்ச்சுக்கிட்டான். சிநேகிதர் என்னைக் கேட்கிறார், அவன் எங்கே இருப்பான்னு. எனக்குச் சொல்லத் தெரியலை. இங்கே விஷயம் தெரிஞ்சவங்க இருப்பீங்கன்னு..." துணி கருகும் வாசனை மூக்கில் ஏறிய பிறகுதான் அவள் பெட்டியைத் தூக்கினாள். சட்டை முதுகில் பழுப்பாக ஒரு முக்கோணம். பக்கத்து அறையிலிருந்து, "எப்சி, என்ன கருகுது?" என்று ராஜாசிங் தூக்கத்தில் கேட்டார். "ஒண்ணுமில்ல, தூங்குங்க." ஒண்ணுமில்ல. கருகின சட்டையைச் சுருட்டி மேஜைக்கு அடியில் தள்ளினாள். சிநேகிதராம். போன மாதம்தானோ அதற்கு முந்தின மாதமோ அம்மா போனில் சொன்னாள், நம்ம பழைய ஐயரு மவன் கிளாட்வின் புனேல நெஞ்சு வலியில போய்ட்டானாம்ட்டி, பாவம், கல்யாணம்கூட ஆவல, நம்ம ஊருக்குக் கொண்டாந்துதான் அடக்கம் பண்ணுனாவ, ஊரே கூடிப்போச்சி, வேற ஊருல இருந்தெல்லாம் ஐயருமாரு வந்திருந்தாவ. கேட்டு திறந்திருந்ததா அம்மா என்று அன்றைக்கு எப்சிபா கேட்டாள். அம்மா மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். நெஞ்சு வலி. அப்படியென்றால் தெரிந்தே சொன்ன பொய். சவப்பெட்டியை மதிலுக்குள்ளே கொண்டுபோவதற்காக, சாவி கையில் இருந்தவர் சொன்ன பொய். அப்பாவுக்கு அப்படி ஒரு பொய் சொல்லத் தோன்றவில்லையே. என் பிள்ளைக்குக் காய்ச்சல் ஐயா என்று சொல்லியிருந்தால் லீதி உள்ளே படுத்திருப்பாள். உண்மை சொன்னதற்குத்தான் ஓடைக்கரை.

அவள் கையைத் தூக்குவதற்குள் 'சத்தியவாள்' நுழைந்துவிட்டான். வாராவாரம் வருகிறவன், இளவயசுக் குரல், அவளிடம் ரெண்டு மூன்று தடவை தோற்று ஓடினவன்தான். "ஐயா, இதுல என்ன சந்தேகம்? கொலை பாவமா இல்லையா? தன்னைக் கொன்னாலும் கொலைதான். மனம் திரும்ப அவனுக்கு நேரம் ஏது? ஆண்டவரை முப்பது காசுக்குக் காட்டிக்கொடுத்தவனும் இப்படித்தானே முடிஞ்சான். உங்க சிநேகிதருக்கு ஆறுதல் சொல்லணுங்கறதுக்காக சத்தியத்தை வளைக்க முடியாது. அந்தப் பையன் நரகத்துலதான் இருக்கான்." கிழக் குரல், "அவனுக்கு மனசு சரியில்லாம இருந்துது தம்பி, அவன் தெளிவுல செய்யலை" என்றது. "விசுவாசம் இருந்தா மனசு ஏன் சரியில்லாமப் போகுது?" என்றான் சத்தியவாள். எப்சிபா மைக்கைத் தொடவில்லை. இன்னொரு சட்டையை எடுத்து விரித்தாள், தண்ணீர் தெளித்தாள். பேசு தம்பி, பேசு. இத்தனை நாள் உன் வாயை மூடினதற்கு இன்றைக்கு மன்னித்துக்கொள். அவளுக்கு வேலையே இல்லை, அவருடைய வார்த்தைகளை அவருக்கே திருப்பிக் கொடுக்க தேவனே ஓர் ஆளை அனுப்பியிருக்கிறார், அவள் சும்மா நின்று கேட்டால் போதும். காலரை அழுத்தினாள். சத்தியவாள் அக்கினிக் கடலுக்கு வந்திருந்தான். கிழவர் நடுவில் "தம்பி" என்றார், பிறகு "தம்பி, கொஞ்சம்" என்றார். வலிக்கட்டும். கேட்டுக்கு வெளியே நின்று கேட்டால் எப்படி இருக்கும் என்று இப்போது தெரிகிறதா. அப்பாவுக்கு இப்படித்தான் இருந்தது. இன்னும், இன்னும். "இப்படிச் செத்தவங்களுக்காக அழறதே தப்பு" என்றான் சத்தியவாள், அப்போது அவள் கையிலிருந்த பெட்டி தானாக நின்றது. செத்தவங்க. பன்மையில் சொன்னான். அவன் கிளாட்வினை மட்டும் சொல்லவில்லையே. இவ்வளவு நேரமும் அவன் வீசிய ஒவ்வொரு கல்லும் கிழவர் மேல் விழுந்து உருண்டு போய் ஓடைக்கரையில் விழுந்துகொண்டிருக்கிறது, அவள் இங்கே நின்று கல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். கிளாட்வின் அங்கே எரிந்தால் லீதியும் எரிய வேண்டும். கணக்கு அப்படித்தான் வருகிறது, எந்தப் பக்கமிருந்து போட்டாலும். கிழவரை வெல்ல வேண்டுமானால் அவர் சொன்னது சரி என்று ஆக வேண்டும், அவர் சொன்னது தப்பு என்றால் அவருடைய மகன் பிழைத்துப்போகிறான். இரண்டு பிள்ளைகளையும் ஒரே கயிற்றில் கட்டிவைத்தது யார். அவள் வாயில் கெட்ட வார்த்தை ஒன்று வந்தது, தேவனைப் பார்த்துத்தான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மைக்கைத் திறந்தாள்.

"சத்தியவாள் தம்பி, லாரி மோதி ஒருத்தர் அந்த இடத்துலயே செத்துப்போறார். காலையில வீட்டுல பொண்டாட்டியோட சண்டை, மன்னிப்புக் கேட்கலை. அவர் எங்கே?" என்றாள். அவன் இழுத்தான். "தூக்கத்துல செத்தவங்க? படுக்கும்போது அண்ணன் மேல பொறாமையோட படுத்தவங்க? மன்னிப்புங்கறது புறப்படறதுக்குள்ள ஓடிப்போய் ஏற வேண்டிய பஸ்ஸா தம்பி? நெஞ்சுல நோய் வந்து செத்தவனுக்குப் பூ வைப்பே, மண்டையில நோய் வந்து செத்தவனுக்குக் கல்லு வைப்பியா? சொல்லு, எந்த உறுப்பு வரைக்கும் இரட்சிப்பு?" ஆல்வின் சிரிப்பை அடக்குவது கேட்டது. சத்தியவாளின் வட்டம் மறைந்தது. இனிக்கவில்லை. "ஐயா" என்றாள், கிழவரிடம், அவர் முகம் தெரியாவிட்டாலும் அவருடைய வட்டத்தைப் பார்த்து. "உங்க சிநேகிதர்கிட்ட சொல்லுங்க. அந்தப் பையன் நரகத்துல இல்லை. இருட்டுல விழுந்த பிள்ளையைத் தகப்பன் தேடித் தூக்குவான், விழுந்ததுக்காக அடிக்கமாட்டான். அவன் பத்திரமா இருக்கான்." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குத் தெரிந்தது, பல வருஷமாக யாராவது அம்மாவிடம் சொல்லமாட்டார்களா என்று காத்துக் கிடந்த வார்த்தைகள் இவை, இவற்றை இந்த ஆளுக்கா கொடுக்க வேண்டியிருந்தது. கிழவர் அழுதார். அடக்கி, மூக்கால், வெட்கமாக அழுதார். "நீங்க நல்லா இருக்கணும்மா. ராத்திரியெல்லாம் தூக்கம் இல்லை. இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல யாரும்..." அவர் கதவைத் திறந்துவிட்டார், எல்லாக் கதவையும், உள்ளே எதையும் மறைக்க முடியாத மாதிரி. அவள் உள்ளே போனாள்.

"பையனை எங்கே அடக்கம் பண்ணினாங்க ஐயா?"

"சொந்த ஊர்ல. சபைக் கல்லறைத் தோட்டத்துல."

"மதிலுக்கு உள்ளேயா?"

"உள்ளேதான்."

"என்ன சொல்லி உள்ளே கொண்டுபோனாங்க?"

"நெஞ்சு வலின்னு."

"ஆரோனூர் வேதமுத்து மகள் லீதியாள் எங்கே கிடக்கான்னு உங்களுக்குத் தெரியுமா ஐயா?"

ஆல்வின் "அக்கா?" என்றான். நூற்றுக்கு மேல் ஆட்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கிழவருடைய வட்டம் மறையும் என்று அவள் காத்திருந்தாள். மறையவில்லை. "நீ மூத்தவளா?" என்றார் கிழவர். "எப்சிபாவா?" அந்த வாயிலிருந்து தன் பெயர் வந்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் அருவருத்தது, பெயரைக் கழுவி எடுக்க வேண்டும் போல. "எங்கே கிடக்கான்னு கேட்டேன்." "ஓடைக்கரையில." "ஏன்?" என்றாள், அவர் வாய் திறக்குமுன் தானே தொடர்ந்தாள். "நீங்க சொன்னதை நானே சொல்றேன். தேவன் உள்ளே விடமாட்டார்னு சொன்னீங்க. இப்ப உங்க பையனை விட்டாரா இல்லையா? விட்டார்னா என் தங்கச்சியையும் விட்டார். அப்ப அன்னைக்கு கேட்டுல நின்னது யாரு? அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆரோனூர்ப் பிரசங்க பீடத்துல ஏறி அதைச் சொல்லுங்க. உங்க மகன் எப்படிச் செத்தான்னும் சொல்லுங்க. நீங்க சொல்லலைன்னா நான் இதே வாயால இங்கேயே உங்க பேரைச் சொல்றேன்." நாக்கின் நுனியில் பெயர் நின்றது. ஐந்தாறு எழுத்து, ஒரு மூச்சில் முடிந்துவிடும். "வேண்டாம்மா" என்றார் அவர், இப்போது பிரசங்கத் தமிழ் எல்லாம் உதிர்ந்து ஊர்ப் பேச்சாகிவிட்டிருந்தது. "அவனுக்க அம்மைக்குத் தெரியாது. நெஞ்சு வலின்னுதான் நம்பிக்கிட்டு இருக்கா. தெரிஞ்சா அவ இருக்கமாட்டா."

ஐயரம்மா, கிளாட்வினைப் பெற்றவள். லீதியை ஓடைக்கரையில் வைத்துவிட்டு வந்த சாயங்காலம் ஊரில் ஒரு ஆள் அவர்கள் வீட்டுப் படி ஏறவில்லை. புறவாசல் வழியாக ஒருத்தி வந்தாள், முக்காடு போட்டுக்கொண்டு, புருஷனுக்குத் தெரியாமல். அடுப்படியில் அம்மாவுக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்தாள். அம்மாவின் காலைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு இருட்டும் வரை அமுக்கிவிட்டுக்கொண்டிருந்தாள். அதை நினைக்காதே, நினைக்காதே என்று எப்சிபா பல்லைக் கடித்தாள். இதைத்தான் செய்வார்கள் இந்த ஆட்கள், நாம் ஓங்கும்போது எங்கிருந்தோ ஒரு பெண்பிள்ளையை இழுத்து முன்னால் நிறுத்திக்கொள்வார்கள். நாக்கு நுனியில் நின்ற பெயரை உள்ளே இழுத்தாள், கசந்தது. "சரி, சொல்ல வேண்டாம்" என்றாள். "நீங்க மட்டும் தெரிஞ்சு வச்சுக்கிட்டுக் கிடங்க. ஆனா ஒண்ணு. அவங்க ரெண்டு பேரும் ஒரே இடத்துலதான் இருக்காங்க. இந்நேரம் உங்க பையன் கேட்டிருப்பான், நீங்க எந்த ஊரு, உங்களை எங்கே வச்சாங்கன்னு. அவ சொல்லியிருப்பா, பொய் சொல்லத் தெரியாது அவளுக்கு. நீங்க போய்ச் சேர்ற அன்னைக்கு வாசல்ல அவதான் நிப்பா. உள்ளே விடுங்கன்னுதான் சொல்லுவா, அவ அப்படிப்பட்டவ. நான் அங்கே இருந்தா விடமாட்டேன்." அறையைவிட்டு வெளியேறினாள். இந்தத் தடவை மறைந்தது அவளுடைய வட்டம்.

பெட்டி ஆறிப்போயிருந்தது. துணிகளைத் தொடாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஜெயித்தாயிற்றா. பெயரைச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் விட்டது சரிதான். சொல்லியிருக்கலாம். முள் நின்ற இடத்தில் விரலால் தடவிப் பார்ப்பதுபோல எச்சில் விழுங்கிப் பார்த்தாள், குத்தியது. அப்போது போன் சிணுங்கியது. தனிச் செய்தி, வழிப்போக்கனிடமிருந்து, குரலாக. காதில் ஒட்டவைத்துக் கேட்டாள். "எப்சிபா, அந்த ஓடைக்கரையில எந்த இடம்னு எனக்குத் தெரியாது. அன்னைக்கு நான் பின்னால வரலை. நாளைக்குப் போகணும்னு இருக்கேன். இடத்தை மட்டும் சொல்லும்மா." அவளுக்குத் தெரியும். கண்ணைக் கட்டிவிட்டாலும் போய் நிற்பாள். ஓடை தெற்கே வளைகிற இடத்தில் ரெட்டைப் பனை, அதற்குக் கிழக்கே அம்மா சுண்ணாம்பு அடித்து நட்ட கல், மழைக்கு மழை சுண்ணாம்பு கரைந்துபோகிறதென்று அம்மா திரும்பத் திரும்ப அடிக்கிற கல். 'ஓடை வளைகிற இடத்தில்' என்று அடித்தாள். அந்த எழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கரை நீளம், ஊர் எல்லை வரை உடைமுள், கிழவருக்கு முட்டி வலி இருக்கும், வெயில் இருக்கும், யாரிடமும் வாய்விட்டுக் கேட்க முடியாது, கேட்டால் ஏன் ஐயா என்பார்கள். ஒவ்வொரு கல்லாகக் குனிந்து பார்த்து நிமிர வேண்டும். வேட்டியில் முள் மாட்டும். அடித்ததை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். 'தேடுங்க' என்று அடித்து அனுப்பினாள்.

அனுப்பிய பிறகுதான் உறைத்தது, அம்மா தினம் சாயங்காலம் அங்கே போவாளே. உடனே போன் போட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது, அம்மா எடுக்கும்போது கோழி விரட்டுகிற சத்தமும் சேர்ந்து வந்தது. "என்னட்டி இந்நேரம்?"

"எம்மா, நாளைக்கு யாராவது வந்து லீதி எங்க கிடக்கான்னு கேட்டா, நீ இடத்தக் காட்டாத."

"யாரு வரப்போறா?"

"யாரோ. யாரு வந்து கேட்டாலும் சொல்லாத. தெரியாதுன்னுரு."

அம்மா சொன்னாள், "இத்தன வருசத்துல அவள ஒருத்தரும் கேட்டதில்லட்டி. கேட்டு வந்தா நான் எப்படிச் சொல்லாம இருப்பேன்?"

"சொல்லாதம்மா" என்றாள் எப்சிபா. அம்மா ஏற்கனவே போனைக் கீழே வைத்துவிட்டு, சுண்ணாம்பு மிச்சம் இருக்கிறதா என்று யாரையோ சத்தம்போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். அணைக்காத போனில் அது தெளிவாகக் கேட்டது. "சொல்லாத" என்று எப்சிபா இன்னொரு தடவை சொன்னாள்.